வளைவு வெட்டத் தண்ணீர் வாள் வேண்டுமா? (வீட்டில் வர்ணக் கண்ணாடி வேலை)

பீலிக்கரை

எல்லாருக்கும் வணக்கம். ஹட்டன் பக்கம் இருந்து எழுதுகிறேன். பாடசாலையில் சித்திரம் படிப்பிப்பது தொழில். பின்னேரங்களில் வர்ணக் கண்ணாடி. இரண்டு வருடமாகச் செய்கிறேன். கையில் இருப்பது ஒரு கட்டர், இரண்டு குறடு, ஓரம் தேய்க்க ஒரு சின்ன கிரைண்டர். துண்டுகளின் ஓரத்தில் செப்பு ஃபொயில் (மெல்லிய செப்பு நாடா) சுற்றி, சோல்டரை உருக்கி ஒட்டுகிற முறைதான் தெரியும்.

இப்போது எல்லவில் ஒரு சாப்பாட்டுக் கடைக்காரர் அங்குள்ள ஒன்பது வளைவு ரயில் பாலத்தைக் கண்ணாடியில் கேட்கிறார். 30 அங்குல அகலம். ஒவ்வொரு வளைவும் இரண்டரை அங்குலம் வரும். பாலம் முழுவதையும் ஒரே மண்ணிறக் கண்ணாடியில் வெட்டி, வளைவுகளுக்குள் பச்சையும் வானமும் வைக்க நினைத்தேன். சாதாரண ஜன்னல் கண்ணாடியில் ஒத்திகை பார்த்தேன். நாலு தடவை உடைந்தது. இரண்டாவது வளைவைத் தாண்டவே இல்லை.

கனடாவில் இருக்கும் சித்தி வீட்டில், மேசையில் வைத்து ஓட்டும் ஒரு பட்டை வாள் சும்மா கிடக்கிறதாம். வைரத்தூள் பூசிய பிளேட், அடியில் தண்ணீர்த் தட்டு. கார்கோ பெட்டியில் போட்டு அனுப்பட்டுமா என்று கேட்கிறார்கள். அது வந்தால் என் வளைவுப் பிரச்சினை தீருமா? வீட்டுக்குள் வைத்து ஓட்டலாமா? பிள்ளை இரண்டு வயது.

டைல்பாஸ்

தம்பி, கனடாவில் இருந்து எதற்கு? பண்டாரவளையில் எந்த ஹார்ட்வெயார் கடையிலும் தண்ணீர்த் தொட்டியோடு டைல் வெட்டும் மெஷின் இருக்கிறது. 7 அங்குல வட்ட பிளேட். நான் குளியலறைக்குக் கண்ணாடி மொசைக் ஒட்டும்போது அதில்தான் வெட்டுகிறேன். அதுவும் வைரம்தானே.

கண்டிக் கண்ணாடி

டைல்பாஸ் அண்ணே, நேர்கோட்டுக்கு நீங்கள் சொல்வது சரி. வட்டத் தட்டு பிளேட் வளையாது, அதுதான் விஷயம். வளைவு கேட்கிறவருக்கு அது உதவாது. இன்னொன்று, மொசைக் கண்ணாடி தடிப்பு. நாங்கள் பாவிக்கிற கண்ணாடித் தாள் 3 மில்லிமீட்டர். டைல் பிளேட்டின் வைரம் பெருமணி, அந்த வேகத்தில் ஓரம் எல்லாம் செதில் செதிலாகப் பெயரும். பல் இல்லாமல் முழு விளிம்பாக இருக்கிற பிளேட், அதுவும் கண்ணாடிக்கென்று விற்பது போட்டால் நேர்ப் பட்டிகள் ஓரளவு சுத்தமாக வரும். இடையிடையே வெட்டு விட்ட பிளேட்டைக் கண்ணாடிப் பக்கமே கொண்டு போக வேண்டாம்.

அப்புறம், யாராவது வந்து "கையில் பிடிக்கிற கிரைண்டரில் டிஸ்க்கைப் போட்டு, ஒருத்தர் போத்தலில் தண்ணீர் ஊற்ற மற்றவர் வெட்டலாம்" என்று எழுதப் போகிறீர்கள். எழுத வேண்டாம். 230 வோல்ட் மெஷினைக் கையில் பிடித்துக்கொண்டு அதன் மேலேயே தண்ணீர் ஊற்றுவது வேலை இல்லை, வினை.

பீலிக்கரைத் தம்பிக்கு: வாள் என்ன செய்யும், என்ன செய்யாது என்று முதலில் தெளிவாகட்டும். கட்டர் கண்ணாடியை வெட்டுவதில்லை. மேலே ஒரு கீறல் போடுகிறது, அந்தக் கீறல் வழியே கண்ணாடி பிளக்கிறது. பிளவுக்கு நேராக ஓடத்தான் ஆசை. உட்பக்கமாக வளைந்த கோட்டில் அது குறுக்கு வழி தேடி ஓடுவது அதனால்தான். வாள் அப்படி இல்லை. அதற்குப் பல் கிடையாது, வைரமணிகள் கண்ணாடியைத் தூளாக அரைத்துக்கொண்டு போகின்றன. பிளக்கிற வேலை இல்லாததால் உள்வளைவும் போகும். ஆனால் அரைத்த இடம் சூடேறும். கண்ணாடிக்கு ஒரு இடம் மட்டும் சூடேறினால் தாங்காது, வெடித்துவிடும். தண்ணீர் அதற்குத்தான். சூட்டைத் தணிக்கிறது, அரைத்த மாவைக் கழுவி எடுக்கிறது, தூசி பறக்காமல் அமுக்குகிறது. வெட்டும் இடத்தில் வெள்ளைப் பொடி உலர்ந்து நின்றாலோ, செம்மஞ்சளாக ஒரு பொறி மின்னினாலோ தண்ணீர் போகவில்லை என்று அர்த்தம். உடனே நிறுத்த வேண்டும்.

சரி, வாள் வந்தால் உங்கள் பாலம் வெட்டுப்படுமா? வெட்டுப்படும். நிற்குமா என்பது வேறு கேள்வி. ஒத்திகைப் படத்தை யோசித்துப் பாருங்கள்: 30 அங்குல நீளம், அதில் ஒன்பது பள்ளம், நடுவில் விரல் அகலத்தில் கால்கள். கையில் தூக்கும்போதே ஒரு கால் போகும். தப்பி ஃபொயிலும் சுற்றி சோல்டரும் பிடித்து மாட்டினால், ஒரு நாள் கதவை யாராவது அறைந்து சாத்த, வளைவின் உச்சியில் இருந்து விரிசல் மேலே ஓடும். ஆழமான உள்வளைவு உள்ள துண்டு எப்போதும் அந்த இடத்தில்தான் உடையும், வாளால் வெட்டினாலும் கையால் வெட்டினாலும்.

வளையவாள்

பதுளையில் பிறந்து இப்போது மெல்போர்னில் இருக்கிறேன். கண்டி அக்கா சொல்வதை மறுக்கவில்லை. ஆனாலும் வாளை இப்படிக் கீழே போட வேண்டாம்! என்னிடம் இருப்பது வளைய வாள், டோரஸ் 3. பட்டைக்குப் பதிலாக ஒரு முழு வளையம் சுற்றும், சுற்றிவர வைரம். அதனால் கண்ணாடியை முன்னுக்கு மட்டுமில்லை, பக்கவாட்டிலும் பின்னுக்கும் தள்ளலாம். பட்டை வாளில் அது முடியாது. பட்டையின் அகலம் எவ்வளவோ அதற்கேற்ற வளைவுதான் கிடைக்கும். இறுக்கமான வளைவில் திருப்பினால் பட்டை முறுகி, அதைச் சுழற்றும் சில்லில் (சக்கரத்தில்) இருந்து கழன்றுவிடும்.

ஆனால் தம்பிக்கு இலவசமாக வருவது பட்டை வாள். அதையே நன்றாகப் பழகலாம். இறுக்கமான வளைவுக்கு ஒரு வழி இருக்கிறது. கழிவுப் பக்கத்தில் இருந்து வளைவுக் கோடு வரை சீப்புப் பல் போல நேர் வெட்டுகள் போடுங்கள். பிறகு அந்தப் பற்களைக் குறடால் ஒவ்வொன்றாக முறித்துவிட்டு, மிச்சத்தைக் கிரைண்டரில் கொடுங்கள்.

புதிய பிளேட் என்றால் முதலில் தீட்டும் கல்லில் இரண்டு மூன்று தடவை வெட்டவிட்டு வைர முனையை வெளியே எடுக்க வேண்டும். பழைய பிளேட் மழுங்கினாலும் அதே மருந்து. தள்ளவே கூடாது. கண்ணாடியை பிளேட்டுக்குக் காட்டினால் போதும், அது தின்றுகொள்ளும். தள்ளினால் பட்டை பின்னுக்கு வளைந்து, வெட்டு உங்கள் கோட்டை விட்டு எங்கோ போகும். முடியும் இடத்தில் இன்னும் மெதுவாக. கடைசி அரை அங்குலத்தில் அவசரப்பட்டால் மூலை பெயரும்.

பங்களாக்குருவி

இடையில் ஒரு சின்னக் கேள்வி. ஹப்புத்தளை. இப்போதுதான் பழகுகிறேன், வாள் இல்லை, கிரைண்டர் மட்டும். மார்க்கரில் போட்ட கோடு தண்ணீர் பட்டதும் அழிந்துபோகிறது. வாளில் இன்னும் மோசமாக இருக்குமே, நீங்கள் எல்லாம் என்ன செய்கிறீர்கள்?

கண்டிக் கண்ணாடி

மார்க்கர் காய்ந்ததும் அதன் மேல் வாஸ்லின் அல்லது உதட்டுக்குப் பூசும் மெழுகை லேசாகத் தடவுங்கள். அழியாது. வேலை முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் கழுவாவிட்டால் ஃபொயில் ஒட்டாது, அதை மறந்துவிட வேண்டாம்.

ஸ்டோர் ஃபோர்மன்

தலவாக்கலையில் இருந்து. தேயிலை ஸ்டோரில் முப்பது வருடம் மோட்டரோடு மல்லுக்கட்டி ஓய்வு பெற்றவன். கண்ணாடி எனக்குத் தெரியாது. நீங்கள் எல்லாம் வளைவைப் பற்றியே பேசுகிறீர்கள். கனடா மெஷினின் கரண்டைப் பற்றி யாரும் கேட்கவில்லையே?

அங்கே 120 வோல்ட், 60 சைக்கிள் (ஹேர்ட்ஸ்). இங்கே 230, 50. பிளக்கை மாற்றிக் குத்தினால் மோட்டர் ஒரு நிமிடத்தில் புகையும். பெட்டி ஏறுமுன் சித்தியிடம் மோட்டரில் ஒட்டியிருக்கும் தகட்டைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லுங்கள். என்ன எழுதியிருக்கிறது என்று போடுங்கள்.

பீலிக்கரை

ஐயா, படம் வந்தது. 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ், 1.2 அம்பியர். காபன் பிரஷ் எதுவும் வெளியே தெரியவில்லை.

ஸ்டோர் ஃபோர்மன்

காபன் பிரஷ் இருந்திருந்தால் சைக்கிளைப் பற்றிக் கவலை இல்லை. இது இன்டக்ஷன் மோட்டர் போலத் தெரிகிறது. இதன் வேகம் சைக்கிளைப் பொறுத்தது. 60க்குச் செய்தது 50இல் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில் ஓடும். நிமிடத்துக்கு 1725 சுற்று என்றால் இங்கே 1425 மட்டில். வெட்டு கொஞ்சம் மெதுவாகும், அவ்வளவுதான். பெரிய பிரச்சினை சூடு. சைக்கிள் குறையும்போது வோல்ட்டும் அதே விகிதத்தில் குறைய வேண்டும். 120ஐ ஆறில் ஐந்தால் பெருக்கினால் 100. ஆகவே 120 தரும் டிரான்ஸ்போமரை விட 100 அல்லது 110 தருவது நல்லது. அதிலும் பத்து நிமிடம் ஓட்டி, மோட்டரில் கை வைத்துப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் ஆற விடுங்கள்.

120ஐ 1.2ஆல் பெருக்கினால் 144 விஏ (வோல்ட் அம்பியர்). ஓட்டத்துக்கு அது போதும். ஆனால் தொடங்கும்போது மோட்டர் அதைவிடப் பல மடங்கு இழுக்கும், அதனால் 500 விஏ பெட்டி வாங்குங்கள். வாங்கும்போது இரண்டு சுருளும் தனித்தனியாக உள்ளதா என்று கேளுங்கள். மலிவான பெட்டிகளில் ஒரே சுருளின் நடுவில் இருந்து 110ஐ எடுத்திருப்பார்கள். அதற்குள் ஒரு கம்பி அறுந்தால் 230 அப்படியே மெஷினுக்கு வரும். தண்ணீரில் கை வைத்திருக்கிற வேலைக்கு அது ஆகாது.

வீட்டில் ட்ரிப் சுவிட்ச் (கரண்ட் கசிந்தால் தானாக விழுவது) இருக்கிறதா? 30 மில்லி அம்பியர்தானா? அதில் உள்ள டெஸ்ட் பட்டனைக் கடைசியாக எப்போது அமுக்கினீர்கள்? வெட்கப்பட வேண்டாம், யாருமே அமுக்குவதில்லை. எர்த்தையும் ஒருவரைக் கூப்பிட்டுச் சோதியுங்கள். நம் பக்கத்துப் பழைய வீடுகளில் எர்த் கம்பி பெயருக்கு மட்டும் நிற்பதைப் பல இடத்தில் பார்த்திருக்கிறேன்.

டிரான்ஸ்போமர் தரையிலும் வேண்டாம், வாளின் பக்கத்திலும் வேண்டாம். சுவரில் தட்டு அடித்து உயரத்தில் வையுங்கள். வாளில் இருந்து போகும் வயர், பிளக்கைத் தொடுமுன் ஒரு முறை கீழே தொங்கி மேலே ஏற வேண்டும். வயர் வழியே வழியும் தண்ணீர் அந்தத் தொங்கலில் சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது. ஸ்டோரில் இதை எல்லாப் பையன்களுக்கும் முதல் நாளே சொல்வேன். ஒருத்தன் கேட்கவில்லை. அந்தக் கதை வேண்டாம்.

லீக்ஸ்தோட்டம்

நுவரெலியாவில் இருந்து ஒரு பனிக்காரன் வார்த்தை. இங்கே 1,868 மீட்டர். ஜனவரி, பெப்ரவரி விடியலில் லீக்ஸ் பாத்தியில் உறைபனி வெள்ளையாகப் படியும். அந்த நாட்களில் மெஷினின் தட்டில் தண்ணீர் ஊற்றினால் இரண்டாவது துண்டுக்குள் விரல் மரத்துவிடும். மரத்த விரல் பிளேட்டுக்குப் பக்கத்தில் இருக்கக் கூடாது. நான் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றுகிறேன். கொதிநீர் இல்லை, குழந்தையைக் குளிப்பாட்டும் பதம். கண்ணாடியையும் முதல் நாள் இரவே வேலை செய்யும் அறைக்குள் கொண்டுவந்து வைப்பேன். குளிர்ந்த கண்ணாடி கட்டருக்கும் அடங்காது.

நான் வைத்திருப்பது கம்பி வாள். பட்டைக்குப் பதிலாக வைரம் பூசிய மெல்லிய கம்பி. எந்தப் பக்கமும் திரும்பும், ஆனால் பட்டையை விட மெதுவாக வெட்டும், சீக்கிரம் அறுந்தும் போகும்.

என் கேள்வி வேறு. தட்டின் அடியில் ஒரு சேறு படிகிறதே, பற்பசை மாதிரி. அதைத் தோட்டத்தில் கொட்டலாமா? இவ்வளவு நாளும் வேலியோரம் கொட்டினேன்.

கண்டிக் கண்ணாடி

வேண்டாம் அண்ணே! லீக்ஸ் பாத்திக்குப் பக்கத்திலா?

வர்ணக் கண்ணாடியின் நிறம் உலோகங்களால் வருவது. சிவப்பு, செம்மஞ்சள், மஞ்சள் பலவற்றில் காட்மியமும் செலேனியமும் இருக்கும். சில தாள்களில் ஈயமும் உண்டு. தாளாக இருக்கும்போது அது கண்ணாடிக்குள் பூட்டிக் கிடக்கிறது. மாவாக அரைத்துவிட்டால் அதே பொருள் மண்ணிலும் தண்ணீரிலும் கைவிரலிலும் ஒட்டும் அளவுக்குச் சின்னதாகிவிடுகிறது. சமையல் தொட்டியில் கொட்டினால் குழாய் அடைக்கும், அது தனி.

நான் செய்வது இதுதான். வேலை முடிந்ததும் தட்டுத் தண்ணீரை ஒரு பழைய பெயின்ட் வாளியில் ஊற்றி மூடிவிடுவேன். இரண்டு நாளில் மா அடியில் இறங்கிவிடும். மேலே தெளிந்ததை மெதுவாக எடுத்து மறுபடி வாளுக்கே ஊற்றுவேன். அடிச் சேறு கெட்டியாகும்போது ஈரமாகவே தடித்த பைக்குள் கட்டி, உடைந்த கண்ணாடியோடு சேர்த்து ஒதுக்குவேன். காய விடுவதில்லை. காய்ந்தால் தூசி, தூசி பறந்தால் இவ்வளவு நேரம் தண்ணீர் ஊற்றியதற்கே அர்த்தம் இல்லை. மேசையையும் தும்புத்தடியால் கூட்ட வேண்டாம், ஈரத் துணியால் துடைக்க வேண்டும்.

பீலிக்கரைத் தம்பிக்கும் இதையே சொல்கிறேன். மலையில் ஒரு வீட்டு வாய்க்கால் அடுத்த வீட்டு முற்றத்துக்குத்தான் போகிறது. கீழே யாரோ ஒருவர் பீலியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருப்பார்.

இரண்டு வயதுப் பிள்ளை என்று எழுதியிருந்தீர்கள். குசினியில் வேண்டாம். வாள் ஓடும்போது கண்ணுக்குத் தெரியாத நீர்த்துளிகள் தெறிக்கும். அதிலும் கண்ணாடி மா இருக்கிறது. கண்ணுக்குக் கண்ணாடி, மூக்குக்கு நல்ல மாஸ்க், ஒரு பிளாஸ்டிக் ஏப்ரன். அந்த ஏப்ரனோடு பிள்ளையைத் தூக்க வேண்டாம். எங்கள் வீட்டில் இதற்கு ஒரு பெரிய சண்டையே நடந்தது.

டைல்பாஸ்

அக்கா, நான் இருபது வருடமாக வாயில் துணியைக் கட்டிக்கொண்டு உலர்வாகத்தான் டைல் வெட்டுகிறேன். எனக்கு மாலையில் இருமல் நிற்பதில்லை. கண்ணாடித் தூசியும் அப்படித்தானா?

கண்டிக் கண்ணாடி

அண்ணே, உங்களுடையதுதான் இன்னும் கெட்டது. டைலிலும் கருங்கல்லிலும் இருப்பது படிக சிலிக்கா, நுரையீரலைத் தழும்பாக்கிவிடும். சிலிக்கோசிஸ் என்று சொல்வது அதைத்தான். கண்ணாடியில் உள்ள சிலிக்கா படிகம் இல்லை. அந்த வகையில் அதற்கு ஆபத்து குறைவு, ஆனால் மூச்சில் இழுக்கலாம் என்று அர்த்தம் இல்லை. துணி அந்த நுண்தூசியைத் தடுக்காது. இந்தக் கிழமையே போய் நெஞ்சு எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். சும்மா சொல்லவில்லை.

டைல்பாஸ்

சரி அக்கா. போகிறேன்.

பங்களாக்குருவி

டிக்கோயாவில் வார்லி தேவாலயம் பார்த்திருக்கிறீர்களா? காசல்ரீ நீர்த்தேக்கத்துக்கு மேலே, 1878இல் கட்டியது. போன மாதம் போய் உள்ளே நின்று வர்ண ஜன்னல்களைப் பார்த்தேன். இந்த இழையைப் படித்ததில் இருந்து ஒன்றே மண்டைக்குள் ஓடுகிறது. அந்தக் காலத்தில் கரண்ட் வாள் ஏது? அப்போது எப்படி வளைவு வெட்டினார்கள்?

கண்டிக் கண்ணாடி

வைர முனையால் கீறி, குறடால் கொறித்து. அதற்கும் முந்திய நூற்றாண்டுகளில், பழுக்கக் காய்ச்சிய இரும்பால் விரிசல் ஓடவிட்டு, விளிம்பை ஒரு இரும்புக் கருவியால் கொறித்துத் திருத்துவார்கள்.

அடுத்த முறை போனால் நிறத்தைப் பார்க்க வேண்டாம், துண்டுகளை இணைக்கும் ஈயக் கோட்டை மட்டும் பாருங்கள். தேவாலய ஜன்னல்களில் கழுத்து முடியும் இடத்தில் ஒரு கோடு, முழங்கை மடியும் இடத்தில் ஒரு கோடு, அங்கியின் மடிப்பில் ஒரு கோடு. கண்ணாடி எங்கே உடையுமோ அங்கே முன்கூட்டியே ஒரு கோட்டைப் போட்டு, அதைப் படத்தின் கோடாக மாற்றிவிடுவார்கள்.

இதை எழுதும்போதுதான் பீலிக்கரைத் தம்பியின் பாலம் ஞாபகம் வந்தது. தம்பி, அந்தப் பாலத்தை 1921இல் திறந்தார்கள். 91 மீட்டர் நீளம், 24 மீட்டர் உயரம், இரும்பு இல்லாமல் கட்டியது என்று ஊரெல்லாம் பெருமை பேசுகிறோம். அதைக் கட்டினவர்களே ஒரே கல்லில் குடையவில்லையே! கட்டி கட்டியாக அடுக்கி, கட்டிகள் ஒன்றை ஒன்று தாங்கும்படிதான் வளைத்தார்கள். நீங்கள் ஏன் ஒரே கண்ணாடியில் குடைய நிற்கிறீர்கள்?

ஒவ்வொரு வளைவின் உச்சியில் இருந்தும் மேலே ஒரு கோடு இழுங்கள். கால்களை வளைவு தொடங்கும் மட்டத்தில் தனியாக வெட்டுங்கள். அப்போது என்ன வருகிறது? நடுவில் எட்டுத் துண்டு, ஒவ்வொன்றும் புனல் மாதிரி, இரண்டு பக்கமும் கால்வட்ட வளைவு. இரண்டு ஓரத்திலும் பாதிப் புனல் ஒவ்வொன்று. எட்டுக் கால்கள் வெறும் நீள்சதுரம். வளைவுக்குள் நிரப்பும் ஒன்பது துண்டும் வெளிவளைவு, அதை நீங்கள் தூக்கத்திலும் வெட்டுவீர்கள். சோல்டர் கோடு மூன்று மில்லிமீட்டர் மட்டில் வரும். தூரத்தில் இருந்து பார்த்தால் கட்டிக்கு இடையிலான சாந்துக் கோடு போலத்தான் தெரியும்.

கால்வட்டத்துக்கு வாள் வேண்டாம். முதலில் கடைசிக் கோட்டைக் கீறி வையுங்கள், உடைக்க வேண்டாம். பிறகு வெளியில் இருந்து பிறை பிறையாக மூன்று கீறல் போட்டு, ஓரத்தில் இருந்து ஒவ்வொரு பிறையாகக் கழற்றிக்கொண்டு உள்ளே போங்கள். பேராசைப்பட்டு ஒரே இழுப்பில் எடுத்தால் புனலின் கழுத்து போகும்.

வளையவாள்

இது நல்ல யோசனை. ஒப்புக்கொள்கிறேன், கொஞ்சம் எரிச்சலோடு. என் வாள் கண்டிப்பாக அழும். ஆனாலும் தம்பி, சித்தி தருவதை வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டாம். நாளைக்குத் தடித்த கண்ணாடியோ வட்டத் துவாரமோ வரும்போது தேடுவீர்கள்.

பீலிக்கரை

அக்கா, இரண்டு நாளாக இந்தப் பதிலைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். சித்திரம் படிப்பிக்கிறவன் நான், கோட்டைப் பற்றி இன்னொருவர் சொல்லித்தர வேண்டியிருக்கிறது. வரைபடத்தை மாற்றிவிட்டேன். பெட்டி ஏற்கெனவே கப்பலில்.

பீலிக்கரை

(இரண்டு மாதத்துக்குப் பிறகு)

வாள் வந்து சேர்ந்தது. ஃபோர்மன் ஐயா சொன்னபடி இரட்டைச் சுருள் டிரான்ஸ்போமர், 110 வோல்ட், சுவரில் தட்டு. ட்ரிப் சுவிட்சின் பட்டனை அமுக்கினேன். விழவில்லை! பழைய சுவிட்ச் செத்தே எத்தனை வருடமோ. புதியது போட்டேன். ஐயா, இந்த ஒன்றுக்காகவே உங்களுக்கு ஒரு கிலோ தேயிலை கடன்.

புனல் துண்டுகள் பத்தையும் கையால்தான் வெட்டினேன். மூன்று போயின, மண்ணிறத் தாள் மட்டுமட்டாகப் போதுமானது. வாளைப் பாவித்தது ஒரே ஒரு துண்டுக்கு. பாலத்துக்குக் கீழே தூண்டில் போல வளைந்து ஏறும் மூடுபனி, பால் வெள்ளைக் கண்ணாடி. அதைத் துண்டாக்க மனம் வரவில்லை. பனிக்கு நடுவில் கோடு வந்தால் பனி எங்கே?

வெட்டு முக்கால்வாசி போயிருக்கும், கரண்ட் நின்றது. இங்கே மழை என்றால் அது வழக்கம். பிளேட் கண்ணாடிக்குள் அப்படியே நின்றுவிட்டது. இருட்டில் நான் செய்த முட்டாள்தனம், கண்ணாடியைப் பின்னுக்கு இழுத்தது. பட்டை சில்லில் இருந்து கழன்றது, பனி இரண்டாக உடைந்தது. சுவிட்சையும் அணைக்கவில்லை. பத்து நிமிடத்தில் கரண்ட் வந்து மோட்டர் தானாகச் சுற்றியது. நல்லவேளை, அப்போது டோர்ச் தேட அறைக்கு வெளியே போயிருந்தேன்.

ஸ்டோர் ஃபோர்மன்

கரண்ட் போனால் முதல் வேலை சுவிட்சை அணைப்பது. இரண்டாவது வேலை பிளக்கைக் கழற்றுவது. அப்புறம்தான் டோர்ச். தேயிலை வேண்டாம் தம்பி, என்னிடம் நிறைய இருக்கிறது.

வளையவாள்

நடுவில் நின்றால் பட்டையின் இறுக்கத்தைத் தளர்த்தி, வெட்டு வந்த வழியே கண்ணாடியை மெதுவாக வழுக்கி எடுக்க வேண்டும். இழுத்தால் நீங்கள் சொன்னதுதான் நடக்கும். எனக்கும் நடந்திருக்கிறது, கரண்ட் போகாமலேயே. அப்புறம், இரவில் இறுக்கத்தைத் தளர்த்தி, தண்ணீரை வடித்து, பட்டையைத் துடைத்து வையுங்கள். உங்கள் ஊர் ஈரத்துக்கு பெயரிங் ஒரு மாதத்தில் துருப்பிடிக்கும்.

பீலிக்கரை

இரண்டாவது பனி நேற்று முழுதாக வந்தது. ஓரத்தைக் கிரைண்டரில் லேசாகக் கொடுத்தேன். ஆனால் அந்த ஒரு துண்டில் மட்டும் ஃபொயில் பிடிக்கவில்லை, ஓரத்தில் இருந்து உரிந்து எழும்புகிறது. கையால் வெட்டிய மற்றத் துண்டுகளில் பிரச்சினை இல்லை. சவர்க்காரம் போட்டுக் கழுவினேன், வாஸ்லினும் இல்லை.

கண்டிக் கண்ணாடி

கழுவி எவ்வளவு நேரம் காய விட்டீர்கள்?

பீலிக்கரை

துணியால் துடைத்து உடனே சுற்றினேன்.

கண்டிக் கண்ணாடி

வாளால் அரைத்த ஓரம் சொரசொரப்பு. கண்ணுக்குத் தெரியாத குழிகளில் ஈரமும் மாவும் நிற்கும், துணி அதற்குள் போகாது. பழைய பல் தூரிகையால் ஓரத்தைத் தேய்த்துக் கழுவி, ஒரு இரவு அடுப்புக்குத் தள்ளி, சூடு படாமல் காற்றுப் படும்படி நிறுத்தி வையுங்கள். ஃபொயில் சுருளையும் மூடிய பையில் போட்டு வையுங்கள். உங்கள் பக்கத்து ஈரத்தில் திறந்து வைத்தால் செம்பு கறுத்து சோல்டர் ஓடாது.

கடைக்காரர் எங்கே மாட்டப் போகிறார்? மழை படும் பக்கமா?

பீலிக்கரை

உள் சுவர் ஜன்னலில், சாதாரண கண்ணாடிக்குப் பின்னால். கேட்டு உறுதி செய்தேன். நீல ரயிலையும் பாலத்தின் மேல் வைக்கச் சொல்கிறார். அது நேர்கோடு, பயமில்லை.

டைல்பாஸ்

நான் எக்ஸ்ரே எடுத்தேன். டொக்டர் மருந்து எழுதினார், உலர்வாக வெட்ட வேண்டாம் என்றார். தண்ணீர்த் தொட்டி மெஷினை இப்போது எல்லா வேலைக்கும் கொண்டுபோகிறேன். தம்பி, அந்த ரயிலின் நேர்ப் பட்டிகளை வேண்டுமானால் என்னிடம் கொண்டு வாருங்கள், நல்ல பிளேட் ஒன்று வாங்கியிருக்கிறேன். முழு விளிம்பு.